சுடலைக்கு வழிமொழிந்தவர்

கிராமசபையில் நான் சுடலைப் பிரேரணை கொண்டுவந்த அந்தப் பின்னேரம், வெயிலுக்குத் தகரக் கூரை நெளியும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள், தலைவருக்கு உடம்புக்கு ஏதோ என்பதுபோல.

சந்திக்கு நிரந்தரமாக ஒரு சுடலை வேண்டும், அதற்குச் சீமெந்துத் தரையும் தகரக் கொட்டகையும் வேண்டும் என்று நான் வாசித்திருந்தேன். முந்திய கூட்டத்தில் தபால் பெட்டி கேட்டபோது மேசையில் தட்டி வரவேற்ற அதே மனிதர்கள்தான் இவர்கள்.

குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து நெல் விதைக்க வந்த கந்தையா மெல்ல எழுந்தார். நின்றுகொண்டுதான் அவருக்குப் பேச வரும்.

“தலைவர் கேட்டது நல்ல விசயந்தான். ஆனால் பாருங்கோ, தபால் பெட்டியெண்டால் முதல் காயிதத்தைப் போட்டு நீங்களே திறந்து வைச்சியள். இதை ஆர் திறந்து வைக்கிறது?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காத தலைவருக்கு அடுத்த முறை வாக்கு விழாது.

நல்லவேளையாகச் சின்னத்துரை அண்ணை கையை உயர்த்தினார். சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர். “நான் வழிமொழியிறன். அடுப்பிலை பாலை வைச்சிட்டு வந்தனான். கெதியா முடியுங்கோ.”

பால் பொங்கி வழிந்துவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் ஊர்ச் சுடலை ஏகமனதாக நிறைவேறியது.

சனிக்கிழமைப் பவுடர்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிற புண்ணியவான்களுக்கு என் சங்கதி தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளிநொச்சிக்குத் தெற்கே, காட்டை வெட்டிய இடத்தில் கண்டி வீதியோரம் முளைத்த ஒரு சந்தி. அதில் ஒரு நெல் மில். அதன் முதலாளி நான். கிராமசபைத் தலைவரும் நானே. இரண்டுக்கும் வேறு ஆள் அகப்படாததுதான் என் தகுதி. ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று கந்தையாவின் மக்கள் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போடுவார்கள்.

சந்திக்குப் பின்னால் இருந்த குடியேற்றத்தில் குடும்பங்கள் இருந்தன. பெண்கள் நாற்று நட்டார்கள், பிள்ளைகள் வாய்க்காலில் குளித்தார்கள். சந்தியிலோ நாங்கள் எல்லோரும் ஆண்கள். மளிகைக்கடைக்காரர், தையற்காரர், ஸ்டேஷன் மாஸ்டர், நான், சின்னத்துரை அண்ணை. எல்லோருடைய மனைவிமாரும் ஆனையிறவுக்கு அப்பால், குடாநாட்டில். வன்னியில் உழைப்பது, யாழ்ப்பாணத்தில் வாழ்வது என்பது எழுதாத சட்டம். அதைத் திருத்த எந்தக் கிராமசபைக்கும் அதிகாரம் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பார்க்க வேண்டும். சந்தி முழுதும் தலை முழுகி, சவரம் செய்து, கழுத்தில் பவுடர் பூசி நிற்கும். ஒருவர் கையில் தேன் போத்தல், இன்னொருவர் கையில் தயிர் முட்டி, மூன்றாமவர் கையில் மான் வற்றல். வடக்கே போகும் கோச்சி ஸ்டேஷனில் புகை விட்டுக்கொண்டு வந்து நின்றதும் ஊரே ஏறிப் போய்விடும். கடைகளுக்கு நாய்கள் காவல்.

திங்கள் விடிய திரும்பி வந்து இறங்குவோம். அப்போது கையில் பனங்கட்டி, ஒடியல், ஒரு டின் மிளகாய்த்தூள். யாரும் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. மேல் சட்டையில் வீட்டு வாசம் ஒட்டியிருக்கும். மத்தியானம் உமித் தூசி அதைத் தின்றுவிடும்.

தூள் டின்தான் வியாழன் வரைக்கும் தாங்கும். பாக்கியம், அதாவது என் மனைவி, கொத்தமல்லியைக் கொஞ்சம் கூடுதலாகக் கறுக்க வறுப்பாள். அதில் ஒரு மெல்லிய தீய்ந்த வாசம் இருக்கும். சமைப்பதற்கு ஆள் இருந்தார். ஆனாலும் செவ்வாய், புதன்களில் டின்னைத் திறந்து மூக்கருகே பிடித்துவிட்டு மூடி வைப்பேன். ஒருநாள் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோது வரிக் கந்தோர் அதிகாரி உள்ளே வந்துவிட்டார். தும்மல் வியாதிக்கு வைத்தியம் என்றேன். அவர் நம்பினார். அடுத்த முறை தனக்கும் கொஞ்சம் கேட்டார்.

சாட்டுகளின் சரித்திரம்

நான் படித்த சரித்திரப் புத்தகங்களில் ஊர்களை அரசர்கள் கட்டினார்கள். எங்கள் சந்தியைக் கட்டியவை, இங்கே வராமலிருக்கப் பாக்கியம் சொன்ன சாட்டுகள்.

கல்யாணமாகிச் சில வருடங்களுக்குப் பிறகு, இங்கே வந்து என்னோடு இரு என்று முதன்முதலாகக் கேட்டேன். “அங்க மலேரியா. பிள்ளையளைக் காய்ச்சலுக்குத் தின்னக் குடுக்கச் சொல்லுறியளோ?” என்றாள். நியாயமான கேள்வி. நான் தலைவராகி, அரசாங்கக் கச்சேரியின் படிகளைத் தேய்த்து, ஒரு டிஸ்பென்சரி கொண்டுவந்தேன். வாசலில் நின்று எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தில் கட்டடத்தைவிட நான் அகலமாக நின்றேன்.

பார்த்தாள். “வடிவான கட்டடம்” என்றாள். பிறகு, “பிள்ளையள் எங்க படிக்கிறது?” என்றாள்.

பள்ளிக்கூடம் வந்தது. கோயில் எங்கே என்றாள். மரத்தடியில் வெயிலும் மழையும் பட்டுக் கிடந்த பிள்ளையாருக்கு ஓடு போட்டோம். யானை வருமாமே என்றாள். சந்தியில் கம்பம் நாட்டி விளக்குப் போட்டேன். அடுத்த வாரமே ஒரு யானை வந்து அந்தக் கம்பத்தில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போனது. அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சின்னத்துரை அண்ணை தன் மனைவிக்குச் சொன்னார். அவா வேலிக்கு மேலால் என் மனைவிக்குச் சொன்னா.

வேலி என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். சின்னத்துரை அண்ணையின் மனைவி நாகேசு அக்காவும் பாக்கியமும் ஒரே ஒழுங்கை, அடுத்தடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. இங்கே அவருக்கும் எனக்கும் நடுவில் கண்டி வீதி. அங்கே வேலிக்கு மேலால் கதை போகும். இங்கே வீதிக்குக் குறுக்கே தேத்தண்ணி வரும். ஏறக்குறைய எனக்கு இரண்டு சம்சாரம்.

பாக்கியத்துக்கு என்மேல் அன்பில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. அவள் அந்த ஒழுங்கையில் பிறந்து, அந்த ஒழுங்கையிலேயே மணமுடித்தவள். இரண்டு வீடு தள்ளி ஆசுப்பத்திரிக்குப் போனாலும் வேலியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவாள். ஆனையிறவு அவளுக்குக் கடலைவிட அகலம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேன். அவளும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாட்டைத் தேடி எடுத்தாள். மறுப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை என்பதை நான் பெரிய நம்பிக்கையாக வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு, தூள் டின்னின் மூடியை அழுத்திக்கொண்டு சொன்னாள்: “செத்தால் எரிக்கவும் ஒரு சுடலை இல்லாத ஊரிலை மனிசர் எப்பிடியுங்கோ சீவிக்கிறது?”

வழக்கமான சாட்டு என்றுதான் கோச்சி ஏறினேன். பரந்தன் வருவதற்குள் அது சாட்டில்லை என்று பட்டது.

லொறி

அவள் சொன்னது உண்மை. குடியேற்றத்தவர்கள் கூட, யாராவது இறந்தால் குடாநாட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள். அவரவர் ஊரில் துணி வெளுக்கும் கட்டாடி வந்து வெள்ளை கட்டாமல், அவரவர் ஊரில் முடிவெட்டும் பரியாரி வந்து சங்கு ஊதாமல் சாவு சாவாகாது. வழியற்ற ஒன்றிரண்டு பேரைக் காட்டோரத்தில் எரித்தார்கள். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

கொண்டுபோவதற்குச் சந்தியில் இருந்தது ஒரே ஒரு லொறி. என்னுடைய அரிசி லொறி.

ஆக, இந்த ஊரிலேயே வாழுங்கள் என்று மேடை ஏறி முழங்கியவனும் நான். செத்த உடனே ஏற்றிக்கொண்டு போனவனும் நான். காலையில் அரிசி மூட்டை போகும் பலகையில் மாலையில் பெட்டி போகும். பல முறை நானும் முன்னால் சாரதியோடு இருந்து போயிருக்கிறேன். பின்னால் உறவுக்காரர் சாக்கில் குந்தியிருப்பார்கள். சந்தியில் ஏறும்போது எவரும் பெரிதாக அழுவதில்லை. ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் அடித்ததும் யாரோ அனுமதி கொடுத்ததுபோல ஓவென்று தொடங்குவார்கள். அங்கிருந்துதான் அவர்களுக்கு ஊர். அழுவதற்கும் ஊர் வேண்டும்.

திரும்பும்போது லொறி வெறுமையாகக் கடகடக்கும். ஒரு ஊர் தன்னுடைய பிணங்களைக் கூட வைத்துக்கொள்ள முடியாதென்றால் உயிரோடிருக்கும் ஒரு பெண்ணை எப்படி வரச் சொல்லும்? இந்தக் கேள்வியோடுதான் நான் அந்தப் பிரேரணையை எழுதினேன். கூட்டத்தில் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. சுகாதாரம் என்று சொன்னேன்.

சீமெந்துத் தரை

குளக்கட்டுக்கு அப்பால் கொட்டகை எழுந்தது. நாலு தூண், தகரக் கூரை, வழுவழுவென்று சீமெந்துத் தரை. கொட்டகைக்கு முன்னால் எரிப்பதற்கு மேடை. வன்னியிலேயே இப்படி இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. சாகாமல் இல்லை. செத்தார்கள், லொறி கேட்டார்கள், போனார்கள்.

அறுவடை வந்ததும் கந்தையா ஒரு காரியம் செய்தார். அவ்வளவு நல்ல தரை ஏன் சும்மா கிடக்க வேண்டுமென்று தன் நெல்லைக் கொண்டுபோய் அங்கே காயப் போட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். சுடலையில் நெல் காயவிடுவது தடை என்று தலைவர் என்ற முறையில் ஒரு அறிவித்தல் ஒட்டினேன். ஒட்டிய பின்னேரமே அங்கே காய்ந்த நெல்லை மில் முதலாளி என்ற முறையில் குற்றிக் கொடுத்தேன். நல்ல நெல். முறியவில்லை.

பாக்கியத்திடம் சுடலை கட்டியாயிற்று என்று சொன்னேன். கட்டியதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. “ஆரையும் எரிச்சதோ?” என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்றேன். அதற்குமேல் அவள் புதுச் சாட்டுத் தேடவில்லை. எனக்கும் அந்த ஞாயிறு கேட்க வாய் வரவில்லை. பிறகு வந்த ஞாயிறுகளிலும் கேட்கவில்லை. கேட்டு மறுக்கப்படுவதில் ஒரு சுகம் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பெஞ்சுகள்

சின்னத்துரை அண்ணை ஒரு காலையில், அடுப்பு மூட்டி, பாலை வைத்துவிட்டு, கதிரையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் அவர் கண்ணயர்கிறார் என்று நினைத்துத் தாங்களே வார்த்துக் குடித்திருக்கிறார்கள். எனக்கு ஆள் வந்து சொன்னபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் விளங்கவில்லை. இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னேன். அது இன்றைக்கும் காதில் கிடக்கிறது.

ஸ்டேஷனில் இருந்து தந்தி போனது. வழக்கத்தின்படி “அனுப்புங்கோ” என்று மறுதந்தி வரும். லொறியைக் கழுவி வைக்கச் சொன்னேன். கடைப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அவரைக் கிடத்தி, குத்துவிளக்கேற்றிக் காத்திருந்தோம்.

மறுதந்தி வரவில்லை. அடுத்த நாள் காலைக் கோச்சியில் நாகேசு அக்கா வந்து இறங்கினா. பக்கத்தில் மூத்த மகன். அவாவின் கையைப் பிடித்துக்கொண்டு, துணைக்கென்று வந்தவள் பாக்கியம்.

எத்தனை வருடமாக அந்தப் பிளாற்பாரத்தில் அவள் இறங்குவதை மனதில் பார்த்திருப்பேன். நான் பார்த்த படங்களில் எல்லாம் ஒரு பெட்டி இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள், நான் புதுச் சால்வை போட்டிருப்பேன். இப்போது அவள் அழுது வீங்கிய முகத்தோடு இறங்கி, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள்.

கடையில் சனம் நிறைந்திருந்தது. முல்லைத்தீவுப் பக்கமிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் சந்தியாப்பிள்ளை மீன் பெட்டியை வெளியே வைத்துவிட்டு, ஒரு மூலையில் சிலுவை போட்டுக்கொண்டு நின்றார். குடியேற்றப் பெண்கள் சின்னத்துரை அண்ணையின் தலைமாட்டில் குந்தி, பேர் சொல்லி, குணம் சொல்லி அழுதார்கள். பிள்ளைத்தாச்சிக்குக் காசில்லாமல் பால் கொடுத்ததைச் சொன்னார்கள். தேத்தண்ணியில் சீனி குறைவென்றால் கோபிக்காமல் சிரித்ததைச் சொன்னார்கள். நாகேசு அக்கா அழாமல் கேட்டுக்கொண்டிருந்தா. தன்னுடைய கணவரைப் பற்றிப் பிற பெண்கள் சொல்லித் தெரிந்துகொள்கிற முகம் அது.

மகன் என்னைத் தனியே கூப்பிட்டான். “மாமா, லொறி எப்ப வெளிக்கிடுது?”

நான் லொறியைப் பார்த்தேன். கழுவிப் பளபளவென்று நின்றது. இவரும் போய்விட்டால் அந்த மேடையில் இனி ஒருவரும் எரியப் போவதில்லை. பாக்கியமும் வரப்போவதில்லை. இங்கேயே எரிக்கலாமே என்ற வசனம் என் வாயில் ஒரு பிரேரணை போல நின்றது. அதைச் சாவீட்டில் சொல்ல நான் யார்? வழிமொழிய வேண்டியவரோ பெஞ்சில் கிடந்தார்.

“நீங்கள் சொன்னால் வெளிக்கிடலாம் தம்பி” என்றேன்.

அப்போது நாகேசு அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தா. “நீங்கள் கட்டின சுடலை எந்தப் பக்கம்?”

குளக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.

“இஞ்சயே எரியுங்கோ.”

மகன் பதறிப் போனான். “அம்மா, எங்கட சனம் என்ன சொல்லும்?”

“சொல்லட்டும். என்னோட இருந்ததிலும் பாக்க இவர் இஞ்சதான் கனகாலம் இருந்தவர். அங்க கொண்டுபோனால் வந்துபோற ஆளைக் கொண்டுபோய் எரிச்ச மாதிரியெல்லோ கிடக்கும்.”

நான் பாக்கியத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

கந்தையா மட்டும் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார். பிறகுதான் விளங்கியது, கொட்டகையில் காயும் தன் நெல்லை அள்ளப் போயிருக்கிறார் என்று. நாங்கள் பாடையோடு குளக்கட்டில் ஏறியபோது அவரும் மகன்மாரும் கடைசிக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்தும் இருந்தார்கள். குடியேற்றத்திலிருந்தே ஒரு பரியாரி வந்து சங்கு ஊதினார். இத்தனை நாளும் அவரை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

மில்லின் பின் அறை

பெண்கள் சுடலைக்கு வருவதில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது பாக்கியம் மில் கிணற்றடியில் முழுகி, துணிப் பையில் கொண்டுவந்த வேறு சீலை உடுத்தி, நான் குடியிருந்த பின் அறையில் நின்றாள். முதன்முறையாக அந்த அறையைப் பார்க்கிறாள். ஒரு கட்டில், ஒரு மேசை, மேசையில் நான் படித்த பாதிப் புத்தகங்கள், மூலையில் ஒரு அலுமாரி. எல்லாவற்றிலும் உமித் தூசி.

தலை துவட்டத் துவாய் தேடி அலுமாரியைத் திறந்தாள். ஒரு பக்கத்தில் என் வேட்டி, சட்டை, பழைய கணக்கெல்லாம் பிதுங்கிக்கொண்டு கிடந்தன. மற்றப் பக்கத்தில் மூன்று தட்டும் வெறுமை. தூசி கூட இல்லை.

“இந்தப் பக்கம் ஏன் சும்மா கிடக்கு?”

“உம்மட சீலையளுக்கு.”

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். “எப்ப வாங்கினது?”

“டிஸ்பென்சரி திறந்த வருசம்.”

துவாயை எடுத்துத் தலையைத் துவட்டினாள். நெடுநேரம் துவட்டினாள். முகம் துவாய்க்குள் இருந்தது. நான் ஒரு பகிடி விட்டிருக்க வேண்டும். மேடையில் எத்தனையோ விட்டவன். ஒன்றும் வரவில்லை.

பின்னேரக் கோச்சிக்கு நாகேசு அக்காவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். மற்றச் சடங்குகள் அங்கே வீட்டில். மகன் சாம்பல் அள்ள இங்கே நின்றான். சாவீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஆகையால் “போட்டு வாறன்” என்று பாக்கியம் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் நானும் கூட நடந்தேன்.

கோச்சி வந்தது. நாகேசு அக்காவை ஏற்றிவிட்டு, தானும் ஏறி, யன்னலருகில் இருந்து, எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

“முழுகின சீலை காயேல்லை. கொடியிலை விட்டிட்டன். காய்ஞ்சால் மடிச்சு அந்தப் பக்கத்திலை வையுங்கோ.”

ஓம் என்றேன்.

நீலக் கரை போட்ட வெள்ளைச் சீலை. மில்லின் பின்புறக் கொடியில், என் இரண்டு வேட்டிகளுக்கு நடுவில், நிலம் தொடும்படி தொங்கிக்கொண்டிருந்தது. வன்னிக் காற்றுக்கு அது இருட்டுவதற்குள் காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை.

அடுத்த நாள் உமி பறந்து அதில் ஒட்டுமென்று மில்லை ஓட்டவில்லை. நெல் வண்டிகள் வந்து வரிசையாக நின்றன. சின்னத்துரை அண்ணைக்குத் தலைவர் செய்கிற மரியாதை என்று சனம் பேசிக்கொண்டது. நான் அதை மறுக்கவில்லை. வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் பின்பக்கம் போனார்கள். கந்தையாவும் போனார். திரும்பி வந்து என்னை ஒரு தரம் பார்த்தார். எழுந்து நின்று பேசுகிற மனிதர், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் மூட்டையில் போய் இருந்துகொண்டார்.

நான் ஒரு கதிரையை இழுத்து, கொடி தெரிகிற இடத்தில் போட்டுக்கொண்டு, பின்னேரம் வரை அங்கேயே இருந்தேன்.